ஒறுத்தலின் பாதையில் இனிப்பு

கிறித்தவ ஐரோப்பாவின் இடைக்காலத்தில் திருப்பயணம் முதன்மையாக ஓர் ஒறுத்தல் முயற்சியாகவே விளங்கியது. செய்த பாவத்துக்குக் கழுவாயாகவோ, நேர்ந்துகொண்ட வேண்டுதலின் நிறைவாகவோ, சில வேளைகளில் நீதிமன்றம் விதித்த தண்டனையாகவோ மக்கள் வீட்டையும் ஊரையும் விட்டு மாதக்கணக்கில் நடந்தனர். இனிப்போ, உயிர் தரிக்கத் தேவையில்லாத, நாவின் மகிழ்ச்சிக்கென்றே அமைந்த பண்டம் என்று துறவு நெறியினரால் ஐயத்தோடு நோக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று புறம்பானவையாகத் தோன்றினும், ஐரோப்பாவின் பெருந்திருத்தலங்கள் சிலவற்றின் பெயரோடு ஓர் இனிப்பு பிரிக்க முடியாதபடி இணைந்து வழங்குகிறது. புலனை அடக்கப் புறப்பட்டவர் வழியின் முடிவில் புலனுக்கு இனியதைக் கை நீட்டி ஏற்பது முரண்தானா, அன்றி ஒறுத்தல் தனித்து நின்று கற்பிக்க இயலாத ஏதோ ஒன்றை அந்த இனிப்பு கற்பிக்கிறதா என்பது சமய மெய்யியலுக்குரிய கேள்வியாகும்.

இக்கேள்விக்கு மிகப் பொருத்தமான களம் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலா. இயேசுவின் பன்னிரு திருத்தூதருள் ஒருவரான யாக்கோபின் கல்லறை 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அஸ்தூரியா அரசர் 2ஆம் அல்போன்சோவின் காலத்தில், ஈரியா ஃபிளாவியா ஆயர் தெயொதொமீரோவால் அங்குக் கண்டறியப்பட்டதாக மரபு கூறும். புனித யாக்கோபு என்பதன் ஸ்பானிய வடிவமாகிய 'சந்தியாகோ' போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழகக் கடற்கரைக்கு வந்து 'சந்தியாகப்பர்' ஆயிற்று. பாம்பன் தீவின் தங்கச்சிமடத்தில் அவர் பெயரால் ஒரு திருத்தலமும் உள்ளது. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் எருசலேம், உரோமை ஆகியவற்றோடு ஒப்ப எண்ணப்படும் அளவுக்கு உயர்ந்த கொம்போஸ்தெலாவை நோக்கி, பிரான்சிலிருந்து பைரனீஸ் மலைத்தொடரைக் கடந்து, நவார், கஸ்தீல், லெயோன் நாடுகளின் வழியாகக் கலீசியாவை அடையும் பெரும்பாதை உருவாயிற்று. மலையின் பிரெஞ்சுச் சரிவிலுள்ள சேன்-ழான்-பிய்-தெ-போர் என்னும் ஊரிலிருந்து அளந்தாலும் அது ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடைவழியாகும்.

இன்று இப்பாதையின் முடிவில் எந்தக் கடைச் சாளரத்தை நோக்கினாலும் கண்ணில் படுவது 'தார்த்தா தே சந்தியாகோ', அதாவது சந்தியாகோ அப்பம் என்னும் இனிப்பு. பொடித்த வாதுமைப் பருப்பு, சர்க்கரை, முட்டை ஆகிய மூன்றே இதன் அடிப்படை. கோதுமை மாவு இதில் சேர்வதில்லை. மேற்பரப்பில் வெண்சர்க்கரைப் பொடியைத் தூவும்போது நடுவே ஒரு சிலுவை வடிவை வைத்து மறைத்து, பிறகு அதை எடுத்துவிட, சர்க்கரை படாத இடம் பழுப்பு நிறச் சிலுவையாகத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இதற்குப் புவிசார் குறியீட்டுக் காப்பு வழங்கியபோது, வாதுமையின் அளவு நூற்றுக்கு 33 பங்குக்குக் குறையலாகாது என்பது வரையறைகளுள் ஒன்றாக அமைந்தது. வாங்குவோர் பலர் இதை இடைக்காலத் திருப்பயணியர் உண்ட பண்டமாகவே எண்ணுகின்றனர்.

வரலாறு அவ்வாறு கூறவில்லை. இந்த அப்பத்தைப் பற்றிய நம்பகமான முதற்குறிப்பு 1577ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதுவும் திருப்பயணியர் விடுதி எதன் கணக்கிலும் இன்றி, பேத்ரோ தே போர்த்தொகர்ரேரோ என்பவர் சந்தியாகோ பல்கலைக்கழகத்தைப் பார்வையிட்டது பற்றிய ஆவணத்தில், 'அரச அப்பம்' என்று பொருள்படும் பெயரோடு காணப்படுகிறது. செய்முறை எழுத்தில் தெளிவாகப் பதிவானது 19ஆம் நூற்றாண்டில். சிலுவை வடிவம் உள்ளூர் இனிப்புக் கடை ஒன்றால் 1924இல்தான் முதன்முதலாக இடப்பட்டது. ஆகவே, பழமையே ஒரு பண்டத்துக்குப் புனிதம் தருவதென்றால், இந்த அப்பத்துக்கு அத்தகுதி இல்லை. ஆயினும் இந்த முடிவோடு ஆராய்ச்சியை நிறுத்திவிட்டால் அப்பத்தின் உட்பொருள்கள் சொல்லும் செய்தி கேட்கப்படாமலே போகும். ஏனெனில் அப்பம் புதியதாயினும், அதில் கூடிய வாதுமையும் சர்க்கரையும், அதில் சேராவிட்டாலும் அப்பாதையின் இனிப்பாயிருந்த தேனும் அப்பாதையை அடைந்த வழிகளும், அவற்றை இடைக்காலத்தார் எண்ணிப் பார்த்த முறைகளும் மிகப் பழையன.

முதலில் கருதத்தக்கது தேன். யாக்கோபின் வழிபாட்டைப் பற்றி 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'கோதெக்ஸ் கலிக்ஸ்தீனுஸ்' என்னும் இலத்தீன் நூலின் ஐந்தாம் பகுதி திருப்பயணியர்க்கு வழிகாட்டும் கையேடாக அமைந்துள்ளது; எந்த ஆற்றின் நீர் குடிக்கத்தக்கது, எது குதிரைகளைக் கொல்லும், எந்த நாட்டில் எது விளையும் என்பன அதில் சொல்லப்படுகின்றன. கலீசியாவில் கோதுமை அப்பமும் திராட்சை மதுவும் அரிது என்றும், கோதுமையை ஒத்த குளிர்நாட்டுத் தானியமாகிய ரையின் அப்பமும் பாலும் தேனும் மிகுதி என்றும் அந்நூல் குறிக்கிறது. இதன் பொருளாழம் கிறித்தவ வாசகருக்கு உடனே விளங்கும்: அப்பமும் மதுவும் நற்கருணை எனப்படும் திருவிருந்தின் பொருள்கள், பாலும் தேனும் இசுரயேல் மக்கள் பாலைநிலத்தில் நெடுங்காலம் நடந்த பின் அடைவதாக விவிலியம் கூறும் வாக்களிக்கப்பட்ட நாட்டின் அடையாளங்கள். கையேட்டை எழுதியவர் விளைபொருளைத்தான் பட்டியலிட்டார் என்று கொண்டாலும், நடந்து களைத்து அந்நாட்டுக்குள் நுழைந்தவர் அதை அவ்வளவோடு எண்ணி நிறுத்தியிருக்க இயலாது.

தேனுக்கும் திருத்தலத்துக்கும் வேறொரு வழியிலும் உறவு உண்டு. சுவிட்சர்லாந்தின் ஐன்சீதெல்ன் மடம் மரியாளின் பெருந்திருத்தலமாக இருந்ததோடு, ஜெர்மானியப் பகுதிகளிலிருந்து சந்தியாகோவுக்குச் செல்வோரின் கூடுமிடமாகவும் இருந்தது. ஹெர்மன் கூனிக் என்னும் துறவி 1495இல் எழுதிய ஜெர்மன் மொழி வழிகாட்டிநூல் அங்கிருந்தே தன் பாதையைத் தொடங்குகிறது. அத்தலத்தில் ஆட்டுக்கடா வடிவில் அச்சிட்டுச் சுட்ட தேனப்பத்தைத் திருப்பயணியர் வீட்டாருக்காக வாங்கிச் செல்லும் மரபு நிலைத்தது. ஜெர்மானிய, ஆஸ்திரிய நகரங்கள் பலவற்றில் தேனப்பம் சுடுவோரும் மெழுகுதிரி வார்ப்போரும் ஒரே தொழிற்குழுவினராக இருந்தனர். காரணம் எளியது, தேனடையைப் பிழிந்தால் தேனும் மெழுகும் ஒருசேரக் கிடைக்கும். மெழுகு பீடத்தில் எரிந்து ஒளியாக, அதே அடையின் தேன் நடந்து வந்தவரின் கையில் அப்பமாயிற்று. இறைவனுக்குரியதும் மனிதனுக்குரியதும் ஒரே கூட்டில் பிறந்தவை என்பதை இறையியலார் எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கைவினைஞரின் பட்டறையே அதைக் காட்டிக்கொண்டிருந்தது.

இதே உறவை ஒரு சொல்லும் காத்துவைத்திருக்கிறது. நற்கருணைக்குரிய மெல்லிய அப்பம், நீண்ட கைப்பிடி கொண்ட இரண்டு இரும்புத் தகடுகளுக்கிடையே மாவை ஊற்றி அழுத்திச் சுடப்பட்டது. அத்தகைய கருவியாலேயே தேன் கலந்த மெல்லப்பங்களும் சுடப்பட்டுத் திருவிழா நாள்களில் விற்கப்பட்டன. பிரெஞ்சு மொழியில் 'ஊப்ளி' என்றும் ஸ்பானியத்தில் 'ஒப்லேயா' என்றும் வழங்கும் அந்தத் தின்பண்டப் பெயர்கள், காணிக்கையாகப் படைக்கப்பட்டது என்று பொருள்படும் 'ஒப்லாத்தா' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. ஒன்று அர்ச்சிக்கப்படுகிறது, மற்றொன்று அர்ச்சிக்கப்படுவதில்லை என்ற வேறுபாட்டைத் திருச்சபை ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. எனினும் கோயிலின் உள்ளே படைக்கப்படுவதன் பெயரை வாசலில் உண்ணப்படுவது தாங்கி நின்றதில், புனிதத்தின் இனிமை வாசலைத் தாண்டியும் சிறிது பரவ வேண்டும் என்ற மக்களின் ஏக்கம் பதிந்துள்ளது.

தேன் உள்நாட்டது; சர்க்கரை நெடுந்தொலைவிலிருந்து வந்தது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலை இந்தியாவில் முதிர்ந்து, பாரசீகத்தின் வழியாக அரபு நாடுகளை அடைந்து, அரபியரோடு ஸ்பெயினின் தென்பகுதியாகிய அந்தலூசியாவில் 10ஆம் நூற்றாண்டளவில் வேரூன்றியது. பண்டத்தோடு சொல்லும் பயணம் செய்தது: வடமொழியின் 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆகி, ஸ்பானியத்தில் 'அசூக்கர்' ஆயிற்று. தமிழர் 'சர்க்கரை' என்று சொல்லும்போதும் கலீசியாவின் அடுமனையார் 'அசூக்கர்' என்று சொல்லும்போதும் ஒரே சொல்லின் இரு முனைகள்தான் ஒலிக்கின்றன. யாக்கோபை நோக்கி மேற்கே நடந்த மனிதரின் பாதை ஒன்று. கங்கைச் சமவெளியிலிருந்து மேற்கே நகர்ந்த கரும்பின் பாதை மற்றொன்று. இரண்டும் அந்தச் சிறிய அப்பத்தில் சந்திக்கின்றன.

இந்தச் சந்திப்பு அமைதியானதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்பத்தின் மேல் பதியும் சிலுவை, கீழ்முனை வாள்போல் கூர்ந்திருக்கும் சந்தியாகோ படைத்துறவியர் சபையின் சின்னம். 1170இல் தோன்றிய அச்சபை அந்தலூசியாவின் இசுலாமிய அரசுகளோடு போரிட்டது. திருத்தூதரையே வெண்குதிரை ஏறி முஸ்லிம்களை வெட்டும் வீரராகச் சித்திரித்த படிமங்களும் அக்காலத்தில் பெருகின. இசுலாமிய உழவர் பயிரிட்டுப் பரப்பிய சர்க்கரையாலும் வாதுமையாலும் ஆன இனிப்பின் மீது, அவர்களுக்கு எதிராக உயர்த்திய வாள் வரையப்பட்டிருப்பது வரலாற்றின் கனத்த முரண். எனினும் சிலுவை அங்கே சர்க்கரை தூவப்படாத வெற்றிடமாக இருக்கிறது. சுவை முழுவதும் வாளைச் சுற்றியும் வாளுக்கு அடியிலும் இருக்கிறது. பகைமை எழுதிய எல்லையை நாக்கு அறிவதில்லை என்பது இறையியலும் எண்ணிப் பார்க்கத்தக்க உண்மை.

ஒறுத்தலுக்கும் இனிப்புக்கும் உள்ள பிணக்கை இடைக்கால மெய்யியல் நேராகவே எதிர்கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், சர்க்கரையும் நறுமணப் பொருள்களும் சேர்த்துக் கிளறிய மருந்துப் பாகை உண்பது நோன்பை முறிக்குமா என்று வினவுகிறார். அப்பாகின் இலத்தீன் பெயர் 'எலெக்துவாரியம்', நக்கி உண்பது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது. நக்குதற்குரியது என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்த 'லேகியம்' என்னும் சொல்லே இதற்குத் தமிழில் மிகச் சரியான நிகராகும். அது ஓரளவு ஊட்டமளிப்பதாயினும், உணவாகக் கருதி உண்ணப்படாமல் செரிமானத்துக்காக உண்ணப்படுவதால் நோன்பை முறிக்காது என்பது அக்குவினாஸின் விடை. நோன்பை ஏய்க்கும் நோக்கத்தோடு மிகுதியாக உண்டால் நிலை வேறு என்ற எச்சரிக்கையையும் அவர் சேர்க்கிறார். இவ்விடையில் ஆழ்ந்த அறக்கொள்கை ஒன்று உள்ளது: ஒரு பொருள் உண்பவரை எங்கே இட்டுச்செல்கிறது என்பதை அதன் சுவை தீர்மானிப்பதில்லை, அது எதன்பொருட்டு ஏற்கப்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது. இனிப்பு தன்னளவில் குற்றமுடையதன்று. நலிந்தவரை நிமிர்த்தும்போது அது மருந்தின் இனத்தைச் சேர்கிறது.

மற்றொரு விடை ஸ்பெயினிலேயே அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்தது. 636இல் மறைந்த செவிய்யா ஆயர் இசிதோர், சொற்களின் மூலத்தை ஆராயும் தம் பெருநூலில், ஞானி என்பதற்கான 'சாப்பியென்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லைச் சுவை என்பதற்கான 'சாப்போர்' என்னும் சொல்லோடு இணைக்கிறார். நாவு உணவின் தன்மையைப் பிரித்தறிவதுபோல் ஞானி பொருள்களையும் காரணங்களையும் பிரித்தறிகிறார் என்பது அவர் தரும் விளக்கம். கேட்டறிவதும் கண்டறிவதும் தொலைவிலிருந்தே இயலும். சுவைத்தறிவதற்கோ அறியப்படுவது அறிபவருக்குள் புகுந்தாக வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் சிஸ்தர்சியத் துறவியரின் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டைத் தாமும் கடைப்பிடித்த கிளேர்வோ பெர்னார்து, இறைவனைப் பற்றிப் பேசும்போது தேனின் மொழியிலேயே பேசியதும், பிற்காலத்தார் அவரைத் 'தேன்மொழி ஆசான்' எனப் போற்றியதும் இக்கருத்தின் தொடர்ச்சியே. நாவைக் கட்டியவர்கள் சுவையின் மொழியைக் கைவிடவில்லை. இறைவனோடு கூடுவதற்கு அதைவிட நெருக்கமான உவமை அவர்களுக்குக் கிட்டவில்லை.

ஆனால் மருந்து என்ற விடையும் ஞானம் என்ற விடையும் சேர்ந்தும் கேள்வியை முழுமையாக நிறைவு செய்வதில்லை. எஞ்சியதை ரொன்செஸ்வாயெஸ் விளக்குகிறது. பைரனீஸ் கணவாயைக் கடந்து ஸ்பெயினுக்குள் இறங்கும் திருப்பயணியர், பனியிலும் மூடுபனியிலும் உயிரிழந்துவிடாமல் காக்க 12ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட மருத்துவ விடுதி அது. அதைப் புகழ்ந்து எழுதப்பட்ட 'லா ப்ரெத்தியோசா' என்னும் இலத்தீன் செய்யுள், அதன் கதவு நோயுற்றோர்க்கும் நலமுள்ளோர்க்கும், கத்தோலிக்கர்க்கு மட்டுமன்றிப் பிற சமயத்தார்க்கும் யூதர்க்கும் திறந்தே இருந்தது என்கிறது. அங்கே வந்தவர்க்குக் கால் கழுவி, முடி திருத்தி, அப்பம் அளித்தனர். அவற்றோடு, நோயுற்றோர்க்கென வாதுமையும் மாதுளையும் பல நாட்டுக் கனிகளும் சேர்த்துவைத்த அறை ஒன்றும் இருந்ததாக அச்செய்யுள் கூறுகிறது. ஏறத்தாழ 950 மீட்டர் உயரத்தில், வாதுமை காய்க்காத குளிர்மலையில், யாரென்றே தெரியாத நோயாளிக்காக ஒருவர் அதை வெப்ப நாட்டிலிருந்து சுமந்து வந்து வைத்திருக்கிறார்.

அப்பம் கொடுப்பது கடமை. பசித்தவர்க்கு உணவளிப்பது இரக்கச் செயல்களுள் முதலாவதாக எண்ணப்பட்டது. வருகின்ற விருந்தினரை, சிறப்பாக ஏழைகளையும் திருப்பயணியரையும், கிறிஸ்துவாகவே கொண்டு வரவேற்க வேண்டும் என்பது 6ஆம் நூற்றாண்டின் புனித பெனடிக்ட் மடங்களுக்கு வகுத்த விதி. ஆனால் வாதுமையும் மாதுளையும் எந்தக் கடமையின் கணக்கிலும் வருவதில்லை. கொடுக்காமல் விட்டிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். தேவைக்கு மேற்பட்டதும், உரிமையாகக் கேட்டுப்பெற முடியாததும், ஆயினும் தரப்பட்டதுமாகிய ஒன்றுக்குக் கிறித்தவ இறையியல் ஒரு பெயர் வைத்திருக்கிறது: 'கிராத்தியா', அதாவது அருள். செயல்களுக்குக் கூலியாக வருவது அருளாகாது என்பது பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்திலேயே நிறுவப்பட்ட கொள்கை. திருப்பயணி பாவமன்னிப்பை ஈட்டுவதற்காக நடக்கிறார். ஒவ்வோர் அடியையும் எண்ணுகிறார். நடையைத் தம் உழைப்பு என்று கருதும் இடர் அவருக்கு எப்போதும் உண்டு. அந்தக் கணக்கை உடைப்பதற்குக் கடினமான அப்பத்தால் இயலாது, ஏனெனில் அப்பம் உழைப்பவரின் உரிமை. இனிப்பு மட்டுமே, தாம் ஈட்டாத ஒன்று தமக்குத் தரப்பட்டிருக்கிறது என்பதை அவருடைய உடலுக்கே உணர்த்தவல்லது.

இதற்கு எதிராக எழும் இரண்டு வாதங்களைப் புறக்கணித்தல் தகாது. திருத்தல இனிப்பு என்றுமே வணிகம்தானே என்பது முதல் வாதம். உண்மைதான்; பேராலயத்தின் வடக்கு முற்றத்தில் கிளிஞ்சல், மதுப்பை, காலணி, மருந்து மூலிகை ஆகியன விற்கப்பட்டதை அந்த 12ஆம் நூற்றாண்டுக் கையேடே சொல்கிறது. இரண்டாம் வாதம் இன்னும் கடுமையானது. 15ஆம் நூற்றாண்டில் மதெய்ரா, கனாரித் தீவுகளிலும், பின்னர்ச் சாவோ தோமேயிலும் பிரேசிலிலும் கரும்புத் தோட்டங்கள் பெருகியதால்தான் சர்க்கரை மருந்துக் கடையிலிருந்து சமையலறைக்கு இறங்கியது. அத்தோட்டங்களில் உழைத்தவர்களுள் மிகப் பலர் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்ட அடிமைகள். 1577இன் அரச அப்பம் அந்தக் காலத்தின் பண்டம். ஒருவருக்கு அருளாகத் தரப்படுவது மற்றொருவரிடமிருந்து பறிக்கப்பட்டதாயின், அந்த இனிமையில் அநீதியும் கரைந்திருக்கிறது. அருளைப் பற்றிய கொள்கை இந்த உண்மைக்கு முன் தலைகுனிந்தே நிற்க வேண்டும். கொடுப்பது மட்டும் போதாது, கொடுக்கப்படும் பொருள் வந்த வழியும் தூயதாக இருக்க வேண்டும் என்ற அறத்தை அது கற்றுக்கொள்ள வேண்டும்.

வணிகத்தைப் பற்றிய வாதத்துக்குச் சந்தியாகோ பேராலயத்தின் பின்புறமே ஒரு மறுமொழியை வைத்திருக்கிறது. கல்லறையைக் காக்கும் துறவியருக்காக 9ஆம் நூற்றாண்டில் எழுந்து, 1499 முதல் பெனடிக்ட் சபைப் பெண் துறவியரின் இல்லமாகிய சான் பாயோ மடத்தில், அடைபட்டு வாழும் அத்துறவியர் வாதுமை இனிப்புகளைச் செய்து விற்கின்றனர். வாங்க வருபவர் சுவரில் பதித்த சுழலும் மரப்பெட்டியில் பணத்தை வைக்க, பெட்டி சுழன்று இனிப்போடு திரும்புகிறது. செய்தவரின் முகத்தை வாங்குபவர் காண்பதில்லை, வாங்குபவரின் முகத்தைச் செய்தவரும் காண்பதில்லை. பணம் கைமாறினாலும், விலை பேசவோ புகழ் பெறவோ அங்கே இடமில்லை. உண்ணாநோன்பை நெறியாகக் கொண்டவர்கள் தாம் முகமறியாத வழிப்போக்கரின் நாவுக்காக இனிப்பைக் கிளறுவதில், ஒறுத்தலும் இனிமையும் பகைவர் அல்ல என்பது வாதமின்றியே நிறுவப்படுகிறது: ஒருவரின் ஒறுத்தல் மற்றவரின் இனிமையாக மாறும்போதுதான் அது வெறும் உடல் வருத்தத்திலிருந்து அன்பாக உயர்கிறது.

தமிழ் வாசகர் 'பிரசாதம்' என்ற சொல்லால் இந்த இனிப்புகளைப் புரிந்துகொள்ள முயல்வது இயல்பு. கோயிலில் தெய்வத்துக்குப் படைக்கப்பட்டு அடியார்க்குத் திரும்பி வருவது பிரசாதம். சந்தியாகோ அப்பமோ பீடத்தில் படைக்கப்படுவதில்லை, ஆகவே சடங்கின் அளவில் இவ்விரண்டும் ஒன்றல்ல. ஆனால் அச்சொல்லின் முதற்பொருள் தயவு, அருள் என்பதே. தமிழகக் கத்தோலிக்கரின் பழைய மறைக்கல்வி நூல்களில், இறைவன் மனிதனுக்கு இலவசமாக அளிக்கும் அருளைக் குறிக்கத் 'தேவ இஷ்டப்பிரசாதம்' என்ற தொடரே வழங்கியது. இலத்தீனின் 'கிராத்தியா'வைத் தமிழில் சொல்ல முனைந்தவர்கள், கைநீட்டிப் பெற்று வாயிலிட்டு உண்ணும் ஒன்றின் பெயரையே தேர்ந்தனர். மேற்கில் நெடுந்தூரம் நடந்தவர் ஓர் அப்பத்தில் உணர்ந்ததை இந்தக் கடற்கரையின் மறைக்கல்வி ஒரே சொல்லில் வைத்துவிட்டது: அருள் எண்ணி முடிக்கும் கூலியாக வருவதில்லை, ஏந்திய கையில் இடப்படுகிறது, அதை அறிந்ததற்குச் சான்று நாவில் தங்கும் இனிமையும், அடுத்து வருபவர்க்கு அதைப் பகிரும் கையும் ஆகும்.